மேடம் திருத்திய கள்ளன்

ரதீஸுக்கும் புத்தகங்களுக்கும் இருந்த ஒரே தொடர்பு, ஒருமுறை நூலகத்து மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு போனதுதான். அப்படிப்பட்டவன் துப்பறியும் நாவல் எழுதப் புறப்பட்டான் என்றால், அதற்குக் காரணம் வினாயகமூர்த்தியின் நகைக்கடை.

கடையின் பின்பக்கம் மட்டக்களப்பு வாவி. தோணியில் வந்து, பின்கதவைத் திறந்து, அள்ளிக்கொண்டு வந்த வழியே போய்விடலாம். பிடிபடாமல் போவது எப்படி என்பதுதான் பிடிபடவில்லை. அதைப் பொலிஸ்காரர்களை விட்டால் வேறு யார் சொல்லித்தரப் போகிறார்கள்? கதை எழுதிய கொப்பியும் கையுமாகப் பொலிஸ் நிலையத்துக்கே போனான்.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த இன்ஸ்பெக்டர் வதனி சிரித்ததை யாரும் கண்டதில்லை. கோபப்பட்டதையும் கண்டதில்லை. எதிரில் நிற்பவன் தானாக எதையாவது ஒப்புக்கொள்ளும்வரை சும்மா பார்த்துக்கொண்டே இருப்பாள்.

“நாவல் ஒண்டு எழுதுறன் மேடம். நகைக்கடையில களவெடுக்கிற கதை. பிழை இருந்தாச் சொல்லுங்க.”

வதனி முதல் அத்தியாயத்தை வாசித்தாள். சிவப்புப் பேனையை எடுத்தாள்.

“போனையும் கொண்டா இவன் களவுக்குப் போறான்? வீட்டில வெச்சிட்டுப் போகச் சொல்லுங்க.”

ரதீஸுக்குப் புல்லரித்தது. அரசாங்கச் சம்பளத்தில் அவனுக்கொரு ஆசிரியை கிடைத்துவிட்டாள்.

அத்தியாயம் அத்தியாயமாகக் கொண்டுபோனான். தோணிக்கு இஞ்சின் வேண்டாம், துடுப்பு போதும் என்றாள். கெமராவுக்குத் தெரியாத மூலையைக் காட்டிக் கொடுத்தாள். ஒருநாள் மட்டும் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

“கதையில வாற முதலாளி எங்கட வினாயகமூர்த்தி ஐயா மாதிரியெல்லோ இரிக்கி?”

“எல்லாம் கற்பனை மேடம்.”

“ம்” என்றாள். அந்த ‘ம்’முக்குப் பிறகு ரதீஸுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசி அத்தியாயத்தில் கள்ளன் நகையை விற்கிறான். வதனி அதை வாசித்துவிட்டு, எல்லாக் கொப்பிகளையும் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினாள்.

“விக்கிற இடம் பிழை. கள்ளனெல்லாம் அங்கதான் மாட்டுப்படுற. நான் திருத்தித் தாறன். அதுவரைக்கும் அவசரப்படாதிங்க.”

எதற்கு அவசரப்படக் கூடாதாம்? எழுதவா, எடுக்கவா? கேட்கப் பயந்து, தோணியைக் கரையில் கட்டிவைத்துக் காத்திருந்தான். மாரி பெய்து ஓய்ந்தது. மேடத்திடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம் கான்ஸ்டபிள் ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“மேடம் உங்களைக் கையோட கூட்டிட்டு வரட்டாம்.”

கூட்டிப்போனது பொலிஸ் நிலையத்துக்கல்ல, ஊர் மண்டபத்துக்கு. இரண்டு வாசலிலும் பொலிஸ். உள்ளே பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் வேட்டியும் சால்வையுமாக வினாயகமூர்த்தி. ஊரைக் கூட்டி, முதலாளியையும் முன்னால் வைத்துத் தன் மானத்தை வாங்கப் போகிறாள் என்று ரதீஸ் முடிவு செய்தான். நேரே வதனியிடம் போனான்.

“மேடம், நான் இன்னும் ஒண்டும் செய்யல்ல.”

“தெரியும். செஞ்சிருந்தா எனக்குத்தான் கரைச்சல்” என்றாள் வதனி. அன்றுதான் அவள் சிரித்தாள். “பின்னுக்குப் போய் இரிங்க. ஏதும் முறைப்பாடு இருந்தா நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து எழுதித் தாங்க.”

தனக்கென்ன முறைப்பாடு என்று விளங்காமலே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். மேடையில் குத்துவிளக்கு ஏற்றினார்கள்.

இன்ஸ்பெக்டர் வதனி தன் சொந்தக் கற்பனையில் எழுதிய துப்பறியும் நாவலின் முதற் பிரதியை, பலத்த கைதட்டலுக்கிடையே, நகைக்கடை முதலாளி வினாயகமூர்த்தி பெற்றுக்கொண்டார்.