சினை வௌவால்

காலையில் சேரலாதன் பல் துலக்கி, டீ குடித்து, கையுறை மாட்டிக்கொண்டான். துணிப்பைகளில் இருந்த பாலைவன வௌவால்களை ஒவ்வொன்றாக எடை போட்டான். சினையாக இருந்தவற்றின் இறக்கை நரம்பில் ஊசியால் குத்தி, கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு ரத்தம் விட்டான். வயிற்றில் குட்டி இருக்கும் கோடையில் அந்த ரத்தம் எத்தனை கிருமிகளைக் கொல்லும் என்பது அவன் மனைவி மாதங்கியின் கேள்வி. ஆறு மாதக் கர்ப்பத்தோடு வௌவால் பிடிக்கக் குகைக்குப் போய்வந்தவள், காய்ச்சலில் இறந்து பதினொரு நாள் ஆகிறது.

இந்த ஆராய்ச்சிக்குப் பொறுப்பான பேராசிரியர் ஆய்வகத்தின் வாசலிலேயே நின்றார். “சினை வௌவாலை விட்டுடு தம்பி. ஆண் வௌவாலை வச்சே ஆராய்ச்சியை முடிச்சுக்கலாம். வயித்துப்பிள்ளைக்காரியைக் குகைக்கு அனுப்பினோம்னு ஊரே காறித் துப்புது.”

“யாரும் அனுப்பல சார். அவளாத்தான் போனா. துப்புறவங்க துப்பட்டும்.”

“கடைசியில அவளே வருத்தப்பட்டிருப்பா.”

சேரலாதன் அடுத்த பையின் முடிச்சை அவிழ்த்தான். ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்க அவள் கடைசியாகச் சொன்னதை, ஒரு சொல்லும் மாற்றாமல் அவரிடம் சொன்னான்:

“நாளைக்கு நீங்க குகைக்குப் போங்க. அதுங்க குட்டி போடுறதுக்குள்ள ரத்தம் எடுத்துடணும்.”