நெருங்கி உட்காருங்க

அவள் நகரவில்லை.

"இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கம்மா," என்றார் ஸ்டூடியோக்காரர், கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து.

பெஞ்சின் இந்த முனையில் அவள். மடியில் கைக்குழந்தை. அந்த முனையில் அவள் புருஷன் சடையாண்டி, அவனை ஒட்டி இளையவள் கனகு.

நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம்.

சற்று முன்வரை அங்கே பவளம் உட்கார்ந்திருந்தாள். மூத்த மகள்.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளைதான் பவளத்தின் கையைப் பிடித்து எழுப்பினார். "பேப்பர்ல பேரில்லாத ஆளு படத்துல இருக்கக் கூடாது. தள்ளி நில்லு."

பவளம் தள்ளி நின்றாள். கேமராவுக்குப் பக்கத்தில், முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு.

இலங்கையின் ஹட்டன் டவுனில் அந்த மாதம் வேறு படமே எடுக்கவில்லை. ஒவ்வொரு தேயிலைத் தோட்டத்திலிருந்தும் லொறியில் வந்து இறங்கினார்கள். குடும்பத்துக்கு ஒரு படம். அதை இந்தியப் பாஸ்போர்ட்டில் ஒட்டுவார்கள். பிறகு ரயில், கப்பல், அவர்கள் யாரும் பார்த்தேயிராத ஒரு சொந்த ஊர்.

கல்யாண ஜோடிகளுக்காக மாளிகையும் அன்னங்களும் வரைந்த சீலை ஒன்று சுவரில் தொங்கியது. அதன்மேல் வெள்ளை வேட்டியைக் கட்டி மறைத்திருந்தார்கள்.

இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தபோது பவளத்தின் பெயரும் இருந்தது. விண்ணப்பம் ஏதோ ஒரு கந்தோர் மேசையில் கிடந்தது. அது கிடந்த காலத்தில் பவளம் வளர்ந்துவிட்டாள். வயது வந்த பிள்ளை தனியாக எழுதிப் போட வேண்டும் என்று பெயரை அடித்துவிட்டார்கள். தனியாகப் போட்டதற்கு இன்னும் பதில் இல்லை. வரும்வரை தோட்டத்து லயத்து வரிசையில் சித்தி வீட்டில் இருக்கட்டும் என்றார்கள்.

வராவிட்டால்?

பெற்றவள் கேட்டுப் பார்த்தாள். "கப்பல் என்ன ஒண்ணா? அடுத்ததுல வருவா," என்று சொல்லிவிட்டுக் கணக்கப்பிள்ளை கொழுந்து நிறுக்கப் போய்விட்டார்.

கனகு மெல்ல நடுவுக்கு நகர்ந்தாள். அம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"இருந்த எடத்துல இரு."

"வெளிய எத்தனை குடும்பம் நிக்குது பாத்தியா?" கணக்கப்பிள்ளையின் குரல் ஏறியது. "படம் இல்லேன்னா பாஸ்போர்ட் இல்ல. தோட்டத்துலயும் ஒங்க பேரை வெட்டியாச்சு. லயத்தைக் காலி பண்ணிட்டு எங்க போய் நிப்பே?"

வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மா," என்றாள் பவளம். "நகந்து ஒக்காருங்கம்மா. எனக்கு ஒண்ணுமில்ல."

பொய் சொல்லும்போது பவளம் சிரிப்பாள். சின்னதிலிருந்தே அப்படித்தான்.

இப்போதும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை அம்மா பார்த்தாள். அழுகை வரவில்லை. இத்தனை வருஷத்தில் கணக்கப்பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்த்து அவள் பேசியதில்லை.

நிமிர்ந்து பார்த்தாள்.

"பேரு நான் வச்சது ஐயா. இல்லேன்னு சொல்ல நீங்க யாரு?"

கணக்கப்பிள்ளை புருஷன் பக்கம் திரும்பினார்.

"டேய் சடையாண்டி. ஆம்பளையா லெச்சணமா நீ சொல்லு."

சடையாண்டி எழுந்தான்.

அவர் முன்னால் அவன் எழுந்து நின்றால் அடுத்து வருவது 'சரிங்கய்யா' என்பதுதான். மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய காலமெல்லாம் அப்படித்தான் வந்திருக்கிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்தில் வந்து உட்காரப் போகிறான். இடம் அடைபடப் போகிறது.

பெஞ்சு அசையவில்லை.

கண்ணைத் திறந்தாள்.

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான். மடித்தான். நடுவில் காலியாகக் கிடந்த இடத்தில் போட்டான். பின்னால் ஏறி வருகிற ஆளுக்கு பஸ்ஸில் இடம் பிடிப்பதைப் போல.

பிறகு தன் முனையில் போய் உட்கார்ந்தான்.

"எடுங்க," என்றான் ஸ்டூடியோக்காரரிடம்.

"இத ஒப்பீஸ்ல எடுத்துக்க மாட்டாங்கடா!"

"எடுத்துக்கலேன்னா நாங்க போகல."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் வாசலில் நின்றவர்கள் வரை அது கேட்டது.

ஸ்டூடியோக்காரர் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். வெள்ளை வேட்டியில் இருந்த ஒரு சுருக்கத்தைப் போய் நீவிவிட்டார். அது படத்தில் விழாத இடம்.

திரும்பி வந்து துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

"எல்லாரும் இங்க பாருங்க."

பவளம் நின்ற பக்கம் கண் போகாமல் இருக்க அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். கேமராவுக்குள் யாராவது இருந்தால் அவர்களும் கண்ணைத் தாழ்த்தட்டும் என்பதுபோல.

வெளிச்சம் அடித்தது.

கணக்கப்பிள்ளை வாசலுக்குப் போய் அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டார்.

பக்கத்துத் தோட்டத்து ஆட்கள். புருஷன், பெண்சாதி, ஒரு சின்னப் பையன். இவ்வளவு நேரமும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

அந்தப் பெண் பெஞ்சை ஒரு கணம் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

பிறகு உட்கார்ந்தாள், இரண்டு பேர் அளவுக்கு இடம் விட்டு.