பெரிய துளை கீழே

சுந்தரதாஸ் துணி தேய்க்கும் பெட்டிக்கான பிளக் பாயிண்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்து முதல் திருகாணியை முறுக்கினான்.

மூன்று துளைகளில் பெரியது எர்த்து. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை அவன் மாட்டிய எல்லா வீட்டிலும் அது மேலேதான் இருக்கிறது.

இந்த வீட்டில் மட்டும் கீழே.

யாராவது கேட்டால் பதில் தயார். பாயிண்ட் தலைகீழாக நின்றுவிட்டது, கைப்பழக்கத்தில் கம்பிகள் மாறிவிட்டன. தொழிலில் எவனுக்கும் நடக்கிற தப்பு. ஆனால் கரண்டு எர்த்துத் துளைக்குப் போய்விட்டால் தேய்ப்புப்பெட்டியின் இரும்பு முழுக்க அது ஓடும், தொடுகிறவன் தொட்டபடியே நிற்பான்.

நிற்கட்டும். நின்று சாகட்டும்.

எல்லைப் போராட்ட ஊர்வலத்தில் அவன் தம்பி ராபின்சனின் மண்டையில் லத்தியை இறக்கியவன் இந்த வீட்டு இன்ஸ்பெக்டர் வேலாயுதன். எங்கள் ஊரைத் தமிழகத்தோடு சேர் என்று கத்தியதைத் தவிர ராபின்சன் ஒன்றும் செய்யவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே போய்விட்டான்.

அடித்தவனுக்குச் செத்தவன் பெயர்கூடத் தெரியாது. அதனால்தான் கூசாமல் அண்ணனையே வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறான்.

அடுக்களையிலிருந்து இன்ஸ்பெக்டரின் மனைவி சத்யபாமா வந்து பின்னால் நின்றாள். போராட்டம் நடந்த விளவங்கோட்டுப் பெண்.

அவளைக் கண்டதும் அவன் கை நின்றது. தொடப்போவது இவளாக இருந்தால்? இதை அவன் யோசிக்காமல் விட்டிருந்தான்.

"அம்மா, உடுப்பு தேய்க்கிறது யாரு?"

"அவருதான். காக்கியில வேற ஆளு கை பட்டா அவருக்குப் பொறுக்காது."

அவள் குனிந்து பாயிண்டைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மற்ற வீடுகள்ல பெரிய ஓட்டை மேலயாக்கும் உண்டு."

தெரியாமல் மாட்டிவிட்டேன், இப்போதே கழற்றிவிடுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தான்.

சத்யபாமா முற்றத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னைக்கு உங்க ராபின்சனுக்குப் பக்கத்துல விழுந்து செத்தது எனக்க தம்பியாக்கும். இந்த வேலைக்கு உங்கள விளிக்கச் சொன்னதும் நானாக்கும். மற்றத் திருகாணியையும் முறுக்குங்க அண்ணா."