குரல் காட்சி

"இன்னையோட சரிடி, நெலிதா. வசந்தகால நிகழ்ச்சியில இருந்து எல்லாப் படத்துக்கும் அடியில எழுத்து ஓடுமாம். உன் எஸ்தேபானுக்கு வேலை போச்சு!"

சொல்லிவிட்டு சுல்மா மாத்தேத் தேநீர்க் குவளையை நீட்டினாள். நெலிதா அதை வாங்கி, தேவைக்கு மேல் நேரமெடுத்து உறிஞ்சினாள்.

"என் எஸ்தேபானா? நல்லா இருக்கே! 'வாங்க சென்யோரா', 'படம் பிடிச்சுதா சென்யோரா', இது ரெண்டைத் தவிர அந்த மனுஷன் என்கிட்ட எதுவும் பேசினதில்லை."

"அவருக்கு மைக் இருந்தாதான் வாய் வரும். நேர்ல நாக்கு ஒட்டிக்கும்."

செர்ரோ பேட்டையில் அக்கம்பக்கத்துக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற சின்னத் திரையரங்கு அது. ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஒரு நிகழ்ச்சி நிரல் போடுவார்கள். தொடக்க நாளில் ஒயின், ஒரு மாலை அக்கார்டியன் வாசிப்போடு ஊமைப் படம், குழந்தைகளுக்குத் தனிக் காட்சி என்று எல்லாம் இருக்கும். ஆனால் அரங்கம் பிதுங்குவது குரல் காட்சிக்குத்தான்.

எங்கிருந்தோ வரும் பழைய ஹங்கேரியப் படங்களில் ஸ்பானிய எழுத்து இருக்காது. தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் எஸ்தேபான், ஹங்கேரியிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளை. மேலே புரொஜெக்டர் அறையில் மைக்கோடு உட்கார்ந்து, திரையில் பேசுவதை அப்படியே ஸ்பானியத்தில் சொல்வார். கதாநாயகன், கதாநாயகி, அழுகிற குழந்தை எல்லாவற்றுக்கும் அவர் குரல் ஒன்றுதான். அரங்கத்தில் அவரைத் தவிர யாருக்கு அந்த மொழி தெரியப் போகிறது?

அந்தக் குரலுக்காகத்தான் நெலிதா வருகிறாள். இதில் ஒளித்து வைக்க என்ன இருக்கிறது? கணவன் போய்ச் சேர்ந்தபின் வீட்டில் வானொலி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. ஒரு குளிர்காலத்தில் சுல்மா வம்படியாக இங்கே இழுத்து வந்தாள். இருட்டில் அந்தக் கரகரத்த குரல் காதில் விழுந்த நாளிலிருந்து, அடுத்த குரல் காட்சி எப்போது என்றே ஏங்கிக் கிடந்தாள். வெட்கத்தை விட்டு, நல்ல டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு அவர் கடைக்குக்கூட சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். மனுஷன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "ஆச்சு, சென்யோரா" என்றதோடு சரி.

இந்தக் குரலும் போய்விட்டால் அவரைப் பார்க்க என்ன சாக்கு இருக்கிறது?

விளக்குகள் அணைந்தன. திரையில் சந்தைக் கூட்டம். பெரிய மீசைக்காரன் ஒருவன் குதிரையின் வாயைத் திறந்து பார்த்தபடி, அதைப் பிடித்திருந்த பெண்ணிடம் படபடவென்று பேசினான்.

"எத்தனையோ தடவை சொல்ல வந்து திரும்பிப் போயிருக்கேன்" என்றது எஸ்தேபானின் குரல். "நீங்க பக்கத்துல வந்தா எனக்குப் பேச்சு வராது. தூரத்துல இருந்துதான் பேச முடியுது."

பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"இந்த ஹங்கேரிக்காரங்களே இப்படித்தான்" என்று சுல்மா காதில் கிசுகிசுத்தாள். "எல்லாப் படத்துலயும் உருகித் தள்ளுறானுங்க. என் புருஷனும் இருக்கானே, மரக்கட்டை!"

"சும்மா பாருடி" என்றாள் நெலிதா. கைக்குட்டை அவள் பல்லிடுக்கில் இருந்தது. கண் கலங்கியிருந்தது.

மீசைக்காரன் குதிரையின் கழுத்தைத் தட்டினான். பிறகு, "இனிமே உங்களைப் பார்க்க எனக்கு வழியில்லை. ஒரே ஒரு தடவை உங்க வீட்டுக் கதவைத் தட்டட்டுமா?" என்றது குரல்.

திரையில் அந்தப் பெண் இடுப்பில் கைவைத்து, விரலை ஆட்டி ஆட்டி, நீளமாக ஏதோ பொரிந்து தள்ளினாள்.

"யோசிச்சுச் சொல்றேன்னு... சொல்றாங்க" என்றது குரல்.

"இம்புட்டு நேரம் பேசினது இவ்வளவுதானா?" என்று சுல்மா அதிசயப்பட்டாள்.

படம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று புரொஜெக்டர் அறையைப் பார்த்துக் கைதட்டினார்கள். வெளியே மழை. மழை பெய்தால் சுட்டே தீர வேண்டிய தோர்த்தா பிரித்தா என்கிற மாவு அப்பத்தை வரவேற்பறையில் யாரோ சுடச்சுடப் பொரித்து அடுக்க, கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

எஸ்தேபான் படியிறங்கி வந்து, தொப்பியைக் கையில் பிசைந்தபடி வாசலில் நின்றார். நெலிதா அவர் எதிரே போய் நின்றாள். இன்றைக்கும் இவர் வழக்கமான ஒற்றைக் கேள்வியோடு போய்விட்டால், அவ்வளவுதான்.

"படம்... பிடிச்சுதா, சென்யோரா?"

போச்சு. அதே கேள்வி. மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாடி, சூடு ஆறிடும்" என்று சுல்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ போ, வர்றேன்" என்று அவளை அனுப்பிவிட்டு நெலிதா அவர் பக்கம் திரும்பினாள்.

"படம் நல்லா இருந்தது" என்று ஆரம்பித்தாள், அம்மா தன்னைத் திட்டி வளர்த்த அசல் ஹங்கேரிய மொழியில். "சொன்னா நிறுத்திடுவீங்கன்னுதான் இத்தனை வருஷமும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். பல்லு போன குதிரைக்கு இவ்வளவு விலையான்னு கேட்டது அந்த மீசைக்காரன்; கதவைத் தட்டட்டுமான்னு கேட்டது நீங்க. தட்டுங்க எஸ்தேபான், நாளைக்கே."