கத்திரிப்பூ நிற யூனிஃபார்ம்

"சார், அவளைக் கூப்பிட்டுப் பாருங்க. வேலைக்கு வந்திருக்காளா, இல்ல இந்த ஓட்டலையே விலை பேச வந்திருக்காளான்னு நீங்களே சொல்லுங்க!"

மேனேஜர் கோபிநாத்தின் அறைக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்துவிட்டாள் கலைவாணி. கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த ஓட்டலின் ரிசப்ஷனில் அவள்தான் சீனியர். இன்சார்ஜ் பதவி காலியாகி ஒரு மாதமாகிறது. அது தனக்குத்தான் என்று வீட்டில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள்.

"யாரைச் சொல்றீங்க?"

"புதுசா சேந்தாளே, முதலியார்பேட்டை கார்குழலி. துணி குடுத்து, தைக்கப் பத்து நாள் டைமும் குடுத்து, இன்னைக்கு யூனிஃபார்ம்ல வரலைன்னா வேலை கெடையாதுன்னு சொன்னது நீங்கதானே? வந்திருக்கிற கோலத்தை வந்து பாருங்க."

கோபிநாத் நிமிர்ந்து உட்கார்ந்தார். யூனிஃபார்ம் என்றால் அவருக்கு உயிர். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவரே சென்னைக்குப் போய் மொத்தமாகப் பிடித்து வந்த துணி அது. கத்திரிப்பூ நிறம். விளக்கைப் போட்டால் கண் கூசும். பெண்களுக்குச் சுடிதார், ஆண்களுக்குக் கோட்டு. 'பார்த்தா ரிச்சா இருக்கணும்' என்பார் அடிக்கடி. ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். கலைவாணி மட்டும் "சூப்பர் சார்" என்றாள். அதற்கான பலன் கிடைக்கும் நாள் இன்றுதான் என்று அவள் மனசு துள்ளியது.

கார்குழலி உள்ளே வந்தாள்.

அடர்ந்த சாம்பல் நிறத்தில் சுடிதார். ஒரு மினுக்கு இல்லை. காலர் கழுத்தில் அளவாக உட்கார்ந்திருந்தது, கை சரியாக மணிக்கட்டில் முடிந்தது, இஸ்திரி மடிப்பு நூல் பிடித்தாற்போல நேராக இறங்கியது. காதில் சின்னத் தோடு, அவ்வளவுதான். பத்தாயிரத்துக்குக் குறையாது என்று கலைவாணி கணக்குப் போட்டாள்.

"ஏம்மா, இது இன்னா டிரஸ்?" என்றார் கோபிநாத்.

"சார், இது வந்து..."

"நீ இரு, நான் சொல்றேன்" என்று கலைவாணி குறுக்கே விழுந்தாள். "காலையில ஃபிரான்ஸ்ல குடியிருக்கிற நம்ம ஊரு மதாம் சின்னக்கண்ணு இங்க தங்க வந்து எறங்கினாங்க சார். நான் பூச்செண்டோட முன்னாடி நிக்கிறேன். அவங்க என் கையில பெட்டியைக் குடுத்துட்டு, நேரா இவகிட்ட போயி, 'போன்ழூர்'னு வணக்கம் சொல்லி, 'நீங்கதானே முதலாளி?'ன்னு கை குடுக்கிறாங்க! ரெண்டு மாடி நான் பெட்டி தூக்கினேன் சார்!"

கோபிநாத்துக்குச் சிரிப்பு வந்தது. இருமி அடக்கிக்கொண்டார்.

"மதாம் வேற இன்னா சொன்னாங்க?"

"'பாரீஸ்லகூட இவ்ளோ கச்சிதமா தைக்க ஆளு கெடைக்காது'ன்னாங்க சார்" என்றாள் கார்குழலி மெதுவாக.

"பாத்தீங்களா, வாயை!" கலைவாணி கொதித்தாள். "நாங்கல்லாம் யூனிஃபார்ம்ல நிக்கிறோம். இவ மட்டும் மகாராணியா? சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே சார்?"

கோபிநாத் முகம் இறுகியது. "அவங்க சொல்றது நியாயம்மா. சொன்னா சொன்னதுதான். நீ கணக்கு முடிச்சிக்கிட்டுக் கெளம்பலாம்."

கார்குழலியின் கண்கள் கலங்கிவிட்டன. "சார், மூணு ஓட்டல் ஏறி எறங்கி இங்கதான் வேலை கெடைச்சுது. வீட்ல என் சம்பளம் ஒண்ணுதான் சார். ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க."

"கம்பெனி குடுத்த துணி எங்க? அதைச் சொல்லு மொதல்ல."

"அதைத்தான் சார் போட்டிருக்கேன்."

கலைவாணி வாய்விட்டுச் சிரித்தாள். "எங்களுக்கு இன்னா கண்ணு அவிஞ்சா போச்சு?"

கார்குழலி குனிந்து சுடிதாரின் கீழ் மடிப்பைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே பளீரென்று மின்னியது அதே கத்திரிப்பூ நிறம்.

கலைவாணி கை தட்டினாள்.

"மாட்டிக்கினா சார்! ஓட்டல் துணியைத் திருப்பிப் போட்டு, உள்பக்கத்தை வெளிய வச்சுத் தச்சிருக்கா. உங்க செலக்ஷனையே கேவலப்படுத்திட்டா. இதுக்கே அனுப்பலாம்!"

கார்குழலி கைப்பையிலிருந்து, தைத்ததுபோக மிஞ்சிய துண்டுத் துணியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"எங்கம்மா மில்லுல முப்பது வருஷம் துணி மடிக்கிற வேலை பாத்தவங்க சார். பிரிச்சதுமே சொல்லிட்டாங்க. ஓரத்துல மில் பேரு நெய்திருக்கு பாருங்க. ரெண்டு பக்கமும் படிச்சுப் பாருங்க."

கோபிநாத் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாம்பல் பக்கத்தைப் படித்தார். திருப்பி மினுக்குப் பக்கத்தைப் பார்த்தார். மறுபடி திருப்பினார். காது மடல் சிவந்தது. மெல்ல எழுந்து, தன் கத்திரிப்பூக் கோட்டைக் கழற்றி நாற்காலிமேல் போட்டார்.

"கார்குழலி, நாளையிலேர்ந்து ரிசப்ஷன் இன்சார்ஜ் நீதான். உன் டெய்லர் யாரோ, எல்லார் அளவையும் எடுக்க அவரை வரச் சொல்லு."

கலைவாணி மேஜையருகே பாய்ந்தாள். "சார்! துணியைத் திருப்பிப் போட்டவளுக்கா இன்சார்ஜ்?"

"திருப்பிப் போட்டது அவ இல்லம்மா" என்றார் கோபிநாத், தொண்டையைச் செருமிக்கொண்டு. "மினுக்குப் பக்கத்துல எழுத்து இடவலமா மாறியிருக்கு. ரெண்டு வருஷமா உள்பக்கத்தை வெளிய போட்டுக்கிட்டு நிக்கிறது நாமதான்!"