குல்ஷன் வீட்டு இணைப்பு

பூந்தமல்லி கடைத்தெருவில் இருந்த குல்ஷனுக்குத் தினமும் மத்தியானம் ஒரு போன் வந்தது. ஒரு பெண் பேசாமல் அழுவாள். கணவர் துபாயில் இருந்ததால் குல்ஷன் பயந்துபோய் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் புகார் கொடுத்தாள்.

"இனிமே வந்தா ரிசீவர வைக்காதம்மா. லைன் அறுந்து போவாது. எங்கேர்ந்து வருதுன்னு பார்த்துடலாம்" என்றார் டெக்னீஷியன் உத்தமன்.

அது 1986. அழைப்பு நீடிக்கும்வரை எக்ஸ்சேஞ்சில் அதை இணைக்கும் சுவிட்சுகள் பிடித்த இடத்திலேயே நிற்கும். மறுநாள் மணி அடித்து குல்ஷன் எடுத்ததும், உத்தமன் ஒவ்வொரு சுவிட்சாகப் பின்னோக்கித் தேடிக்கொண்டு போனார். கடைசியில் அழைத்த எண் கிடைத்தது. குல்ஷனுடைய எண்.

ஒரு போன் தன்னையே அழைக்க முடியாது. எங்கேஜ்டு சத்தம்தான் வரும். அவர் சோதனை போனை அந்த இணைப்பில் மாட்டினார். அழுகை கேட்டது.

"யாரும்மா நீ?"

அழுகை நின்றது. "நான் குல்ஷன், சார். என் ஊட்ல யாரோ போன எடுத்து என் கொரல்லயே பேசறா. நான் எங்க கீறேன்னு எனக்குத் தெரியல."

அதே இணைப்பின் மறுமுனையிலிருந்து அதே குரல் கேட்டது.

"சார், ஆளு கெடச்சாளா? அழுகை நின்னுடுச்சே!"

அவர் கை சுவிட்சின் மேல் இருந்தது. அதை விடுவித்தால் ஒருத்தி போய்விடுவாள். எவள் என்று தெரியவில்லை.

"கட் பண்ணிடாதீங்க சார்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

டியூட்டி முடிந்த பிறகும் அந்தச் சுவிட்சைத் தொட உத்தமன் யாரையும் விடவில்லை.