கூடைக்குள் இரும்பு

"எங்களைத் திருடனுங்கன்னு நெனைச்சீங்களா முதலாளி?"

இராமதாஸ் கேட்டேவிட்டான். முத்தியால்பேட்டை அலுமினியப் பட்டறையில் உலையைப் பார்த்துக்கொள்பவன் அவன்.

கூடைக்குள் கையை விட்டபடி அப்படியே நின்றார் முதலாளி தேவதாஸ். தினமும் ஆட்கள் வருவதற்கு முன்பே வந்து, உருக்குவதற்காக வைத்திருக்கும் பழைய பாத்திரங்களைக் கிளறிக்கொண்டிருப்பார்.

"பிரெஞ்சுக்காரனே ஊரை விட்டுப் போயிட்டான். நீங்க இன்னும் எங்களைச் சோதனை போடறீங்க. கன்னியம்மாக்கா பார்த்து வெச்ச கூடையில என்ன தேடறீங்க?"

அந்த நேரம் பார்த்துக் கன்னியம்மாளும் வந்துவிட்டாள். பாத்திரங்களில் இருக்கும் இரும்புப் பிடி, ஆணி, திருகாணியைக் கழற்றிவிட்டு அலுமினியத்தை மட்டும் கூடையில் போடுவது அவள் வேலை.

"என் வேலையில ஏதாச்சும் குத்தமா முதலாளி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. இனிமே தொடலை."

தலையைக் குனிந்தபடி உள்ளே போய்விட்டார். இராமதாஸுக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

கூடையை உலையில் கொட்டினான். உருகியதும் கரண்டியால் கலக்கினான். அடியில் 'ணங்' என்று இடித்தது.

திடுக்கிட்டு இடுக்கியை உள்ளே விட்டுத் துழாவினான். ஒரு ஆணி. இன்னொரு ஆணி. முழுசாக ஒரு இரும்புப் பிடி! இரும்பு கரைந்து கலந்தால் வார்க்கிற சட்டியெல்லாம் விரிசல் விடும். அவசர அவசரமாக எடுத்துப் போட்டான். இதுவரை இப்படி வந்ததே இல்லையே?

திரும்பினான். கன்னியம்மாள் ஒரு மூடியைக் கண்ணோடு ஒட்டி வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். அதன் ஓரத்தில் துருப்பிடித்த திருகாணி இங்கிருந்தே தெரிந்தது. அவள் மூடியை அப்படியே கூடையில் போட்டாள்.

"கண்ணு மங்கிப் போச்சு அவங்களுக்கு." பக்கத்தில் வந்து நின்ற தேவதாஸ் மெல்லச் சொன்னார். "வீட்ல இருங்க, அரிசி அனுப்பறேன்னு சொல்லிப் பார்த்தேன். சும்மா வர்ற சோறு வேணாம்னு அழுதுட்டாங்க."

"என்ன தம்பி, இரும்புச் சத்தம் கேட்டுது?" கன்னியம்மாள் எழுந்தாள். "என் கூடையில இருந்தா?"

இராமதாஸ் எடுத்துப் போட்ட இரும்பை இடுக்கியால் உலைக்குப் பின்னால் தள்ளினான்.

"இல்லக்கா. கூரைத் தகரத்து ஆணி துருப்பிடிச்சு உள்ள உதிருது. உங்க கூடையில என்னிக்கு இரும்பு வந்திருக்கு?"

அவள் நிம்மதியாக உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை தேவதாஸ் வந்தபோது இராமதாஸ் பட்டறை வாசலில் காத்துக்கொண்டிருந்தான்.

"சீக்கிரம் திறங்க முதலாளி. அக்கா வந்துடப் போறாங்க."